வாங்கிய பொருளுக்கு யார் எஜமான்?

“ஊதிய ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்காகிறது. அறுவடைக் கூலி இன்னும் பேசி முடிக்கவில்லை. இந்த நேரத்தில் பத்திரிகையில் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறீர்களாமே, இது அடுக்குமா?” என்று சென்ற வாரம் மில் வாசலில் ஒரு தோழர் நம்மை மடக்கினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தோழரின் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம். கைக்காசைக் கொடுத்து ஒரு ஜோடி உழவு மாடு வாங்குகிறோம். விற்றவன் பத்து வருஷம் கழித்து வந்து, “இந்த மாட்டை என்னுடைய கொட்டகையில் கட்டினால்தான் ஏர் இழுக்கும். உன் கொட்டகை பழசாகிவிட்டது. இடித்துவிட்டு என்னிடம் புதுக்கொட்டகை வாங்கு. மாட்டையும் இன்னொரு தடவை விலைக்கு வாங்கு” என்று சொன்னால் விடுவோமா? தார்க்குச்சியை எடுக்க மாட்டோமா? கம்ப்யூட்டர் விளையாட்டை விலைக்கு வாங்கியவர்களிடம் அமெரிக்க ஏகபோகக் கம்பெனிகள் இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் சொல்லி வருகின்றன. விளையாட்டோடு நின்றதா? அதுவும் இல்லை. டிராக்டரைப் பழுது பார்ப்பதற்கான சாப்ட்வேரை ஜான் டீர் கம்பெனி தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு விவசாயிகளை வதைக்கிறது என்று அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே 2025 ஜனவரியில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. பொம்மையில் பழகிய கையை வயலிலும் காட்டுகிறார்கள்.

நமது வீடுகளில் கம்ப்யூட்டர் ஏது என்றும் சிலர் கேட்கலாம். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லாப்டாப் திட்டத்தில் மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் கூலி விவசாயியின் பிள்ளைக்கும் கிடைத்த லாப்டாப்கள் எத்தனையோ இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றுக்கு என்ன கதி? விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஒரு வருஷம் தவணை, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில் வேண்டும், பிந்திய காலத்துப் பிராசஸர் வேண்டும். பழைய மெஷினில் இவை இல்லை. மெஷின் ஓடுகிறது, ஆனால் கம்பெனி அதைச் செத்துப்போனதாகக் கணக்கெழுதிவிட்டது!

நமது சங்க ஆபீசிலும் இப்படியொரு மெஷின் கிடந்தது. விசாரித்தபோது, எடைக்குப் போடுங்கள் என்றார்கள். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு தோழரின் மகள், பாலிடெக்னிக் படிப்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினாள். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி, பிறகு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கட்டிய அமைப்பு அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், காசு இல்லை. சங்கக் கணக்கும் நோட்டீசு அச்சடிப்பும் நடந்தால் போதும் என்று நாம் இருந்தோம். அவள் தன் அண்ணன் வைத்திருந்த ஒரு பழைய வட்டைக் கொண்டுவந்து உள்ளே தள்ளினாள். கறுப்புத் திரையில் ‘வைன்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, வட்டிலிருந்த நிறுவும் கோப்பின் பெயரை அடித்தாள். முதலில் திரை முழுக்க அகலித்து ஏதோ கோணலாக நின்றது. தனிச் சட்டத்துக்குள் ஓடும்படி ஒரு மாற்றம் செய்தாள். ஆட்டம் தொடங்கியது. “மாமா, இது விண்டோஸுக்குன்னே செஞ்ச ஆட்டம். ஆனா இந்த மெஷின்ல விண்டோஸே கிடையாது, பாத்தீங்களா!” என்றாள்.

அந்த ஆட்டத்தின் பெயர் ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2’. 1999-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்டது. ஆடுபவர் ஒரு ராஜ்யத்தை நடத்த வேண்டும். மரம் வெட்டுவதும், தங்கம் தோண்டுவதும், வயலில் குனிந்து வேலை செய்வதும் கிராமத்து ஜனங்கள். பெயரும் கீர்த்தியும் ராஜாவுக்கு! இருண்ட யுகம், நிலப்பிரபுத்துவ யுகம், கோட்டை யுகம், ஏகாதிபத்திய யுகம் என்று நான்கு யுகங்கள் வருகின்றன. ஏகாதிபத்தியத்தோடு சரித்திரம் நின்றுவிடுகிறது, அதற்குமேல் போக வழி வைக்கவில்லை. மைக்ரோசாப்டுக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான் போலும். சிரித்துவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

இந்த ஒரே ஆட்டத்தைக் கம்பெனி எத்தனை தடவை விற்றது தெரியுமா? 1999-ல் வட்டாக விற்றது. 2013-ல் ‘எச்.டி.’ என்று மெருகு பூசி விற்றது. 2019-ல் ‘டெபினிடிவ் எடிஷன்’ என்று இன்னொரு மெருகு பூசி விற்றது. இடையில், 1999-ல் வாங்கியவர் கதி என்ன? இந்த ஆட்டம் 256 வர்ணங்களை மட்டும் வைத்து எழுதப்பட்டது. விண்டோஸ் 7-ல் அதைப் போட்டால் புல்லும் தண்ணீரும் சிவப்பும் ஊதாவுமாக நிறம் குழம்பித் தெரிந்ததை அந்நாளில் ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலர் சேர்ந்து ஆடுவதற்கு ஆதாரமான ‘டைரக்ட்பிளே’ என்ற பகுதியை விண்டோஸ் 8 முதல் தானாக ஏற்றித் தருவதில்லை, தேடிப் பிடித்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டமும் மைக்ரோசாப்டுடையது, விண்டோஸும் மைக்ரோசாப்டுடையது. பெற்ற பிள்ளையைச் சொந்த வீட்டிலேயே அடையாளம் தெரியவில்லை!

2015-ல் இதைவிடப் பெரிய காரியம் நடந்தது. அக்காலத்து வட்டு விளையாட்டுகள் பலவற்றில் ‘சேப்டிஸ்க்’ என்ற பூட்டு இருந்தது. வட்டு அசல்தானா என்று சோதிக்கிற பூட்டு. விண்டோஸ் 10-ல் அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரையே வைக்கவில்லை. அதே வருஷம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கிவிட்டார்கள். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டைப் போடச் சொன்னது யார்? வாங்கியவரா? திருடனைத் தடுப்பதாகச் சொல்லிப் பூட்டைப் போட்டார்கள். கடைசியில் காசு கொடுத்து வாங்கியவன் வெளியே நிற்கிறான், பூட்டை உடைத்து நகல் எடுத்தவன் உள்ளே உட்கார்ந்து ஆடுகிறான்.

இன்னொரு விவரத்தையும் நமது தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டத்தை உருவாக்கியது டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ். 2001-ல் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2009 ஜனவரியில் கதவை மூடியது. ஆட்டத்தைச் செய்த கைகள் வீட்டுக்குப் போயின. ஆட்டம் மட்டும் 2013-லும் 2019-லும் விற்றது. ஆலை மூடலைப் பார்த்த நமக்கு இது புதிதா? தறியை நிறுத்திவிட்டு ஆளை வெளியே தள்ளுவான், நெய்த துணியை மட்டும் கோடவுனில் வைத்து விற்றுக்கொண்டே இருப்பான்.

சரி, விண்டோஸ் இல்லாத மெஷினில் விண்டோஸ் ஆட்டம் எப்படி ஓடியது? மாயமா, மந்திரமா? இரண்டும் இல்லை. ஒரு புரோகிராம் தானாக எல்லாவற்றையும் செய்துவிடாது. கோப்பைத் திற, ஜன்னலை வரை, சத்தம் எழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கும் அமைப்பைக் கூப்பிடும். விண்டோஸுக்கு எழுதிய புரோகிராம் விண்டோஸின் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அப்படி ஆயிரக்கணக்கான பெயர்கள். அந்த ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தில், அதே பெயர்களோடு நிற்பதுதான் வைன். கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுத்து, வேலையை லினக்ஸிடம் சொல்லி முடித்துத் தருகிறது. கூப்பிட்ட பெயருக்கு ஆள் வந்தால் சரி, வந்த ஆள் எந்தக் கம்பெனி என்று புரோகிராம் கேட்பதில்லை. மெஷினுக்குள் இன்னொரு பொய் மெஷினை உண்டாக்கி அதில் ஓட்டும் வேலையும் இல்லை. ‘வைன் என்பது எமுலேட்டர் அல்ல’ என்பதைத்தான் அந்தப் பெயரின் எழுத்துக்கள் குறிக்கின்றன. மதுவிலக்குத் தோழர்கள் பதற வேண்டாம்.

1993-ல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். 1994 முதல் அலெக்ஸாண்டர் ஜூலியார் முன்னின்று நடத்துகிறார். 1.0 என்ற முதல் முழுப் பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. பதினைந்து வருஷம்! மைக்ரோசாப்டின் மூலத்தை அவர்கள் திருடவில்லை. எங்கிருந்தாவது கசிந்த விண்டோஸ் மூலத்தைப் பார்த்தவர் யாராயினும் அவரை அந்த வேலையில் சேர்ப்பதே இல்லை. இந்தக் கூப்பாட்டுக்கு விண்டோஸ் என்ன பதில் தருகிறது என்று வெளியிலிருந்து சோதித்துப் பார்ப்பது, அதே பதிலைத் தரும்படி தாங்களாக எழுதுவது, இப்படி ஒன்றொன்றாக. கிணறு வெட்டுகிறவன் கடப்பாறையும் கூடையுமாக இறங்கிய மாதிரி.

இதில் என்ன பெரிய லாபம், ஒரு விளையாட்டு ஓடியதுதானே என்பவர்கள் 1999 நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்கக் கோர்ட்டில் நீதிபதி தாமஸ் பென்பீல்ட் ஜாக்சன் எழுதியதைப் படிக்க வேண்டும். அவர் கம்யூனிஸ்ட் அல்ல, ரீகன் நியமித்த நீதிபதி. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டுக் குவிந்துகிடக்கும் புரோகிராம்கள்தான் வேறு எவரும் உள்ளே நுழைய முடியாதபடி மைக்ரோசாப்டைச் சுற்றி எழும்பியிருக்கும் தடுப்பு என்று அவர் கண்டார். ஜனங்கள் விண்டோஸை விரும்பி வாங்கவில்லை, தங்கள் புரோகிராம் வேறு எதிலும் ஓடாது என்பதால் வாங்குகிறார்கள். கம்பெனியை இரண்டாகப் பிரிக்க 2000-ல் உத்தரவு போட்டார். 2001-ல் மேல்கோர்ட்டு அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. அதே வருஷம் சர்க்காரும் கம்பெனியோடு சமரசத்துக்கு வந்தது. வேலி இருக்கிறது என்று கோர்ட்டு சொன்னது. பிடுங்க ஆளில்லை. பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வைன்காரர்கள்.

முதலாளிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2005-ல் விண்டோஸ் அசலா என்று சோதிக்கும் மைக்ரோசாப்டின் கருவி, மெஷினில் வைன் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தது வெளியே வந்தது. அதே வருஷம் ஜனவரியில் பில் கேட்ஸ் ஒரு பேட்டியில், அறிவுச் சொத்துரிமையைத் தளர்த்தச் சொல்கிறவர்களைப் புதுக்காலத்துக் கம்யூனிஸ்டுகள் என்று வர்ணித்தார். நமது பெயரைக் கௌரவமான இடத்தில் எடுத்தமைக்கு நன்றி! அந்தப் புரோகிராமர்களில் பலர் நமது கொடியைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடக்கக்கூடியவர்கள் என்பது வேறு விஷயம். மைக்ரோசாப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் 2001-ல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். 2016-ல் அதே கம்பெனி விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் புரோகிராம்களை ஓட்டும் வசதியைச் செய்து கொடுத்தது. புற்றுநோயைக் கடையில் வைத்து விற்கிறார்களா? கனவான்கள் பதில் சொல்ல வேண்டும்.

இவர்களுடைய மூல மந்திரம் 1976-ல் கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இருக்கிறது. தம்முடைய பேசிக் புரோகிராமைப் பலர் நகல் எடுத்துக்கொண்டதால் வந்த கோபம். கூலி இல்லாமல் யார் நல்ல வேலை செய்வார்கள் என்பது அவருடைய வாதம். கூலியின் அருமையைப் பற்றி முதலாளி நமக்குப் பாடம் நடத்துகிறார்! செய்த வேலைக்குக் கூலி வேண்டும் என்பதை நாம் மறுப்போமா? ஆனால் அந்தக் கடிதம் சொல்லாத ஒன்று உண்டு. பேசிக் என்ற மொழியை 1964-ல் உண்டாக்கியவர்கள் டார்ட்மவுத் கல்லூரி ஆசிரியர்கள் கெமெனியும் கர்ட்ஸும். கேட்ஸ் கோஷ்டி தங்கள் புரோகிராமை எழுதிச் சோதித்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில். செலவான கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல் என்று கடிதத்தில் அவரே கணக்குக் காட்டுகிறார். பொதுக்குளத்தில் தண்ணீர் மொண்டு, வாசலில் தட்டி கட்டி, குடம் இவ்வளவு என்று விற்பவன் ஊரைப் பார்த்துத் திருடன் என்கிறான்.

ஆனால் வைன் கதையிலேயே நமக்கு முக்கியமானது 2002-ல் நடந்தது. அதுவரை வைனின் நிபந்தனை மிகவும் தளர்வு. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயமில்லை. டிரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி அந்த மூலத்தை எடுத்து, விளையாட்டுகள் ஓடுவதற்கான வேலைகளை அதில் சேர்த்து, சந்தா வசூலித்து விற்றது. சேர்த்ததில் முக்கியப் பகுதிகள் பொதுவுக்குத் திரும்பவில்லை. ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் ஒருவன் நாலு மரம் நட்டுவிட்டுச் சுற்றிலும் முள்வேலி போட்டால் எப்படி? வைன்காரர்களிடையே பலத்த வாதம் நடந்தது. கடுமையாக்கினால் கம்பெனிகள் ஓடிவிடும் என்று ஒரு சாரார் பயந்தார்கள். முடிவில் 2002 மார்ச்சில் எல்.ஜி.பி.எல். என்ற லைசென்சுக்கு மாறினார்கள். இனி எவர் வைனை மாற்றி விநியோகித்தாலும் மாற்றிய மூலத்தையும் வெளியிட்டாக வேண்டும். குடிமராமத்துக்கு ஆள் அனுப்பாதவன் ஏரித் தண்ணீருக்கு மட்டும் மடை திறக்கக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்ட மாதிரி. வேலி போட்ட கம்பெனியின் சந்தாச் சேவை 2011-ல் மூடப்பட்டது. கட்டுப்பாடு போட்ட வைன் இன்றும் ஓடுகிறது, வருஷந்தோறும் புதுப்பதிப்பு வருகிறது.

அந்தக் கட்டுப்பாட்டின் பலன் பதினாறு வருஷம் கழித்துத் தெரிந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் பெரிய கடை ஸ்டீம். அதன் முதலாளி வால்வ் கம்பெனி. விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் அதன் பங்கு, எந்த மண்டித் தரகனும் பொறாமைப்படுவான். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்தது. பெரிய மீனைக் கண்ட சின்ன மீன் போல வால்வின் தலைவர் கேப் நியூவெல் அலறினார், விண்டோஸ் 8 ஒரு பேரழிவு என்றார். லினக்ஸ் பக்கம் ஓடிவந்தார். 2018 ஆகஸ்டில் வைனை அடிப்படையாகக் கொண்டு ‘புரோட்டான்’ வெளியாயிற்று. வைன் வேலையில் ஊறிய கோட்வீவர்ஸ் கம்பெனியாருக்குப் பணம் கொடுத்து வேலை வாங்கினார்கள். விண்டோஸின் முப்பரிமாணச் சித்திர வேலையை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றும் ‘டி.எக்ஸ்.வி.கே.’ என்பதைத் தன் விருப்பத்துக்காக எழுதத் தொடங்கிய ஒரு புரோகிராமரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்க மெஷினையே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

வால்வ் ஏதோ தர்மப்பிரபு என்று சில இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள். அவர்களிடம் நாம் வாதாடத்தான் வேண்டும். இரண்டு முதலாளிகள் சந்தைக்கு அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் நமக்குக் கிடைக்கிற லாபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நம் கையில் நிற்பதற்குக் காரணம் வால்வின் நல்ல மனசா? 2002-ல் போட்ட கட்டுப்பாடு! வைனில் செய்த மாற்றங்களை மூலத்தோடு வெளியிட அந்த லைசென்சு வற்புறுத்துகிறது. சம்பளம் கொடுத்தவன் யாராயினும் வேலையின் பலன் ஊர்க்குளத்தில் வந்து விழுகிறது. நமது சங்க ஆபீஸ் மெஷின் ஸ்டீமில் ஒரு காசு கூடச் செலவழிக்காமல் அதை மொண்டுகொள்கிறது. வால்வின் கடையில் வாங்குவதும் பொருளல்ல, அனுமதி மாத்திரமே. 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 மெஷின்களுக்கு ஸ்டீமின் ஆதரவு கிடையாது. அந்த மெஷினில் இருந்து வாங்கியவர் எங்கே போவார்? வாங்குகிறவருக்குக் கிடைப்பது உரிமை அல்ல, அனுமதிதான் என்று கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமே வந்துவிட்டது. கொள்ளையை நிறுத்தும் சட்டமல்ல, கொள்ளைக்குப் பலகை மாட்டும் சட்டம்! 2014-ல் விற்ற ‘தி குரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வரை 2024 மார்ச் 31-ல் யூபிசாப்ட் கம்பெனி அணைத்தது. வாங்கியவர்கள் கையில் ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் கொதித்தெழுந்து, விற்ற ஆட்டத்தைக் கொல்லாதே என்று 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வைன் எல்லாவற்றையும் ஓட்டிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பொய்ப் பிரசாரம் நமக்கு வேண்டாம். சில பழைய ஆட்டங்கள் முதல் தட்டிலேயே ஓடும். சிலவற்றில் எழுத்து கோணும், சத்தம் விக்கும், ஒரு மாலை முழுக்க மல்லாட வேண்டும். வலையில் பலர் சேர்ந்து ஆடும் புது ஆட்டங்கள் சிலவற்றில், ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதாகச் சொல்லி, அமைப்பின் அடிவயிறு வரை புகும் காவலாளியை வைக்கிறார்கள். ‘வலோரன்ட்’ லினக்ஸில் ஓடாததற்கு இதுதான் காரணம். ‘போர்ட்நைட்’ முதலாளியும் லினக்ஸுக்குக் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். பழைய வேலியைப் பிடுங்கிய இடத்தில் புது வேலி நடுகிறார்கள்.

மில் வாசலில் நம்மை மடக்கிய தோழர் இதைப் படித்துவிட்டு, “என் பையனோட லாப்டாப் ஒன்று பரணில் கிடக்கிறது, அதுவும் ஓடுமா?” என்று கேட்டனுப்பியிருக்கிறார். பிராசஸரும் மெமரியும் சரியாக இருந்தால் ஓடும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க ஆபீசுக்கு எடுத்து வரலாம். அதில் இருக்கும் போட்டோக்களையும் சர்டிபிகேட்டுகளையும் முதலில் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும், லினக்ஸ் ஏற்றும்போது பழையதெல்லாம் அழிந்துவிடும். சார்ஜரை மறக்க வேண்டாம். பழைய விளையாட்டு வட்டு வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவரட்டும், ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம்.